ஹேக்கர் உள்ளே போனதும் மற்றவர்கள் டீ குடிக்கவா?

டீயில் ஆடை படிய எவ்வளவு நேரமாகும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். ஒரு ஹேக்கர் ஒரு கம்பெனியின் கணினிக்குள் நுழைந்து, மூன்று பூட்டைத் திறந்து, நாலாவதில் மாட்டிக்கொள்வதற்குள் படிந்துவிடும். சில வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் இதை அளந்து பார்க்க வாய்த்தது. சைபர்பங்க் ஆட்டம். நடத்தியது நான், ஆடியவர்கள் நாலு பேர். ஹேக்கராக ஆடியவனும் நானும் பகடையை உருட்டி உருட்டி முக்கால் மணி நேரம் மும்முரமாக இருந்துவிட்டு நிமிர்ந்தால், ஒருவன் செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒருத்தி ஜன்னலோரம் நின்று ஆபீஸ் போன் பேசுகிறாள். மூன்றாமவனைக் காணவில்லை. "முடிஞ்சதும் கூப்பிடுங்கடா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய், என் அம்மாவுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஆட்டத்தை நான் மோசமாக நடத்தினேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தப்பு எனக்கு மட்டும் சொந்தமானதில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாக உலகம் பூராவும் பல மேஜைகளில் இதே ஆடை படிந்திருக்கிறது. இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், விஷயத்தை முதலிலிருந்து பார்ப்போம்.

இந்த வகை ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ரோல்பிளேயிங் கேம் என்பார்கள். பலகை கட்டாயமில்லை, காயும் கட்டாயமில்லை. ஒருவர் களத்தை வர்ணித்து ஆட்டத்தை நடத்துவார். அவர் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜி.எம். தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்கிற வேலை பாதி, பஞ்சாயத்து பண்ணுகிற வேலை பாதி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். "நான் சுவரேறிக் குதிக்கிறேன்" என்று வாயால் சொல்வதுதான் ஆட்டம். குதித்தால் கால் தாங்குமா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை. 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதற்கெல்லாம் மூத்தது. அதில் வாளும் மந்திரமும். சைபர்பங்க் வகையில் வாளுக்குப் பதில் துப்பாக்கி, மந்திரத்துக்குப் பதில் கணினி. அரசாங்கத்தையே விழுங்கிவிட்ட கம்பெனிகள், இரும்புக் கை வைத்துக்கொண்ட அடியாட்கள், மூளையில் நேரடியாக ஒயரைச் சொருகிக்கொள்ளும் ஹேக்கர்கள்.

அந்த ஒயருக்கு வில்லியம் கிப்ஸன் 1984இல் வெளியிட்ட 'நியூரோமான்ஸர்' நாவலுக்கு நன்றி சொல்ல வேண்டும். 1988இல் மைக் பாண்ட்ஸ்மித் தன்னுடைய ஆர். டால்சோரியன் கேம்ஸ் மூலம் 'சைபர்பங்க்' ஆட்டத்தைக் கொண்டுவந்தார். 1990இல் அதன் அடுத்த பதிப்பு, 'சைபர்பங்க் 2020'. நடுவில் 1989இல் ஃபாஸா கம்பெனியின் 'ஷேடோரன்' வந்தது. சைபர்பங்க் 2077 வீடியோ கேம் ஆடியவர்களுக்கு நைட் சிட்டி என்ற ஊர் தெரிந்திருக்கும். அந்த ஊர் பிறந்தது இந்த மேஜையில்தான்.

இந்த ஆட்டங்களில் ஹேக்கருக்குத் தனிப் பெயர் உண்டு. பாண்ட்ஸ்மித்தின் ஆட்டத்தில் நெட்ரன்னர், ஷேடோரனில் டெக்கர். இவர்தான் எல்லாருக்கும் முதலில் பிடித்துப்போகிற பாத்திரம். கோளாறும் இவரிடமே ஆரம்பித்தது. சைபர்பங்க் 2020இல் ஒரு கம்பெனியின் கணினியைக் கட்டம் போட்ட தாளில் கோட்டை மாதிரி வரைய வேண்டும். மதில், வாசல், காவல் நிரல்கள் எல்லாம் உண்டு. நெட்ரன்னர் கட்டம் கட்டமாக நகர்ந்து உள்ளே போவார். ஊரின் இன்னொரு மூலையில், தன் அறையில் சாய்ந்து படுத்துக்கொண்டே போகலாம். ஷேடோரனின் முதல் பதிப்பிலும் இதே கதைதான்: முனை, இணைப்பு, முனை என்று ஒரு வரைபடம், அதில் டெக்கர் மட்டும் தனியே அலைவார்.

அதாவது ஆட்டத்துக்குள் ஒரு ஆட்டம். அதற்குத் தனி வரைபடம், தனி எதிரி, தனி விதி. ஆடுகிறவர் ஒரே ஒருவர். கதையில் அது சில நொடி, மேஜையில் ஒரு மணி நேரம். அந்தச் சில நொடியில் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற தோழனால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அவனுடைய கடிகாரம் இன்னும் நகரவே இல்லை. ஹேக்கர் உள்ளே போனால் மற்றவர்கள் பீட்சா வாங்கப் போவார்கள் என்பது இந்த ஆட்டக்காரர்களிடையே பழைய நகைச்சுவை. தாயத்தில் தாயமே விழாமல் காயை வெளியே வைத்திருக்கிறவனுக்குக்கூடச் சுற்றுக்கு ஒரு தடவை உருட்டக் கிடைக்கும். இங்கே அதுவும் கிடையாது.

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு கல்யாணப் பந்தி. சாம்பார் வாளியோடு வருகிறவர் ஒரு இலை முன்னால் நின்று, அந்தப் பெரியவர் சாம்பார், இரண்டாம் தடவை, அப்பளம் நொறுக்கி மூன்றாம் தடவை என்று முடிக்கிற வரை நகராமல் இருந்தால் வரிசை என்ன ஆகும்? சோற்றில் குழி பண்ணி வைத்துக்கொண்டு நாற்பது பேர் வாளியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சமையலில் குறை ஒன்றும் இருக்காது. பரிமாறுகிறவர் இலைக்கு ஒரு கரண்டியோடு நகர்ந்து, திரும்ப அதே இலைக்கு வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஹேக்கிங் காட்சியிலும் ஜி.எம். கையில் இருப்பது அந்த வாளிதான்.

இதற்குப் பல மேஜைகளில் இரண்டு கைவைத்தியம் பார்த்தார்கள். ஒன்று, ஹேக்கரையே ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவது. ஜி.எம். கட்டுப்பாட்டில் ஒரு கூலி ஹேக்கர் இருப்பான், பணம் கொடுத்தால் கதவைத் திறந்துவிடுவான். சிக்கல் தீர்ந்தது, கூடவே சைபர்பங்க்கில் இருந்த சைபரும் தீர்ந்தது. இன்னொன்று, ஒரே உருட்டல். "ஹேக் பண்றேன்", பகடை, "திறந்துடுச்சு". நானும் அந்த வெங்காய ஞாயிறுக்கு அடுத்த மாதம் இதைச் செய்தேன். மற்ற மூவருக்கும் திருப்தி. ஹேக்கராக ஆடியவன் ஆட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது சொன்னான்: "மச்சான், நான் பூட்டுச் சாவி மாதிரி ஆயிட்டேன்டா. அடுத்த தடவை துப்பாக்கிக்காரனா வரேன்." அவன் சொன்னது நியாயம். சண்டை போடுகிறவருக்கு ஒளியவும் குறிவைக்கவும் ஓடவும் பத்து முடிவுகள் கொடுக்கிறோம். ஹேக்கருக்கு ஒரே ஒரு பகடையா?

வேடிக்கை என்னவென்றால், விடை அந்த மூல நாவலிலேயே இருக்கிறது. நியூரோமான்ஸரில் கேஸ் என்கிற ஹேக்கர் ஓரிடத்தில் கணினியோடு உட்கார்ந்திருக்கிறான். மாலி என்கிற அடியாள் பெண் கட்டடத்துக்குள் நேரில் நுழைகிறாள். இருவருக்கும் நடுவே சிம்ஸ்டிம் என்ற இணைப்பு. ஒரு விசையைத் தட்டினால் கேஸ் அவள் கண்ணால் பார்ப்பான், அவள் தோலால் உணர்வான். திரும்பத் தட்டினால் மறுபடி கணினிவெளி. அவனால் அவளோடு பேச முடியாது, உணர மட்டுமே முடியும். உள்ளே அவள் கால் முறிகிறது. விசையைத் தட்டியவனுக்கு அந்த வலி தாக்குகிறது. அந்த ஹேக்கிங் காட்சியை கிப்ஸன் தனியாக எழுதவில்லை, இரண்டு இடத்துக்கும் மாறி மாறி வெட்டிக்கொண்டே போகிறார். நாவலைக் கொண்டாடிய ஆட்டங்கள் அதிலிருந்து ஒயரை எடுத்துக்கொண்டன, அந்த விசையை விட்டுவிட்டன.

ஆட்ட வடிவமைப்பாளர்களுக்கும் மெல்ல மெல்ல இது உறைத்தது. 2005இல் வந்த ஷேடோரன் நான்காம் பதிப்பு கணினிவெளியை ஒயரில்லாததாக்கி, ஹேக்கரை மற்றவர்களோடு தெருவில் நடக்க வைத்தது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு, பாண்ட்ஸ்மித்தின் ஆட்டத்துக்கு 2020இல் வந்த புதிய பதிப்பான 'சைபர்பங்க் ரெட்'டில் இருக்கிறது. விதியை மாற்றுவதற்கு முன் கதையை மாற்றினார்கள். ரேச் பார்ட்மாஸ் என்ற கிறுக்கு ஹேக்கர் அவிழ்த்துவிட்ட டேட்டாகிராஷ் உலகளாவிய வலையைச் சிதைத்துவிட்டது. இப்போது கதையில் 2045. ஒவ்வொரு கம்பெனியும் தன் கட்டடத்துக்குள் மூடிய வலை ஒன்று வைத்திருக்கிறது. வெளியிலிருந்து தொட முடியாது. நெட்ரன்னர் நேரில் வந்தாக வேண்டும், அதுவும் ஆக்சஸ் பாயிண்ட் எனப்படும் நுழைவுப் பெட்டியிலிருந்து ஆறு மீட்டருக்குள்.

இந்த ஆறு மீட்டர்தான் மொத்த விஷயமும். வீட்டுக் கூடத்தின் நீளம் அவ்வளவுதான் இருக்கும். ஹேக்கர் வேலை செய்ய வேண்டுமென்றால் யாரோ அவரைக் காவல் தாண்டி உள்ளே கூட்டிப்போக வேண்டும். அவர் கண் செருகி உட்கார்ந்திருக்கும்போது யாரோ பக்கத்தில் நிற்க வேண்டும். அவசரத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. ஆறு மீட்டர் தாண்டினால் இணைப்பு அறுந்துவிடும், அப்படி முறையில்லாமல் அறுந்தால் உள்ளே எதிர்ப்பட்ட, இன்னும் வீழ்த்தாமல் விட்ட காவல் நிரல்கள் எல்லாம் கடைசியாக ஒரு தடவை கடித்துவிட்டுத்தான் விடும்.

வலையின் வடிவத்தையும் எளிமையாக்கினார்கள். கட்டம் போட்ட கோட்டை போய், லிஃப்டில் இறங்குவது மாதிரி அடுக்கு அடுக்காக வந்துவிட்டது. ஒரு அடுக்கில் கடவுச்சொல், ஒன்றில் கோப்பு, ஒன்றில் கேமராவையோ கதவையோ இயக்குகிற முனை, ஒன்றில் பிளாக் ஐஸ் எனப்படும் காவல் மிருகம். பத்து முகப் பகடையை உருட்டி, நெட்ரன்னரின் தரத்தைக் கூட்டி, அடுக்கின் கடினத்தைத் தாண்ட வேண்டும். சாதாரண இடத்துக்குக் கடினம் 8. தரம் 4 உள்ள நெட்ரன்னருக்குத் தன் முறையில் மூன்று வலைச் செயல்கள். அது முடிந்ததும் முறை அடுத்தவருக்குப் போய்விடும். எல்லாருக்கும் ஒரே கடிகாரம், சுற்று ஒன்றுக்கு மூன்று நொடி. வாளி நகர்ந்தே தீர வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள்.

விதி இருந்தால் போதுமா, போதாது. பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் மேஜையில் நடந்த ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

நைட் சிட்டி துறைமுகப் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கு. உள்ளே ஒரு அறையில் ஒரு ஆளை அடைத்து வைத்திருக்கிறார்கள். அறைக் கதவு வலையில் இருக்கிறது. நாலு பேர்: நெட்ரன்னர், துப்பாக்கி பிடிக்கிற சோலோ, கருவி வேலை பார்க்கிற டெக், பேரம் பேசியே பிழைக்கிற ஃபிக்ஸர். நான் தாளில் ஐந்தே அடுக்கு வரைந்திருந்தேன். டெக் முன்கூட்டியே, குளிர்பதன இயந்திரம் பழுது பார்க்க வந்தவன் என்று சொல்லி, நெட்ரன்னரை உதவியாளாகக் காட்டி உள்ளே கூட்டிவந்துவிட்டான். நுழைவுப் பெட்டி இயந்திர அறைச் சுவரில்.

முதல் சுற்று. நெட்ரன்னர் கடவுச்சொல்லை உடைக்கிறான். பகடை 5, தரம் 4, மொத்தம் 9. எட்டைத் தாண்டியாயிற்று. இரண்டாவது செயலில் கேமரா முனையைப் பிடிக்கிறான். பகடை 8, மொத்தம் 12. இந்த இடத்தில் பழைய நானாக இருந்தால் அவனைப் பார்த்தே கேமராவில் தெரிவதை வர்ணித்திருப்பேன். இப்போது முகத்தைச் சோலோ பக்கம் திருப்பிக்கொண்டேன். "உன் கண்ணாடியில படம் வருது. மாடிப்படி மேல ரெண்டு பேர். ஒருத்தன் நூடுல்ஸ் சாப்பிடறான், துப்பாக்கி மேஜை மேல இருக்கு. இன்னொருத்தன் படியைப் பார்த்து நிக்கறான். என்ன பண்ற?" வெற்றி நெட்ரன்னருடையது, அடுத்த முடிவு சோலோவுடையது. சோலோவாக ஆடியவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நூடுல்ஸ் என்றதும் அவனுக்கு ஏதோ யோசனை வந்துவிட்டது. நெட்ரன்னர் மூன்றாவது செயலில் கீழே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முயன்றான். பகடை 2. ஒன்றும் தெரியவில்லை.

வாசலில் ஃபிக்ஸர் காவலாளியோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு உருட்டல். காவலாளி நம்பிவிட்டான், ஆனால் "யார் அனுப்பினது, பேர் சொல்லுங்க" என்கிறான். அவளுக்குப் பேர் தெரியாது. காதில் மாட்டிய கருவியில் நெட்ரன்னரைக் கேட்கிறாள்: "டேய், உள்ள ஏதாவது பேர் இருக்கா பாரு." இதை நான் திட்டமிடவில்லை. இப்போது வலைக்குள் ஒரு கோப்பைத் தேட அவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் இன்னொரு ஆட்டக்காரர் கொடுத்த காரணம்.

இரண்டாம் சுற்று. அவன் குருட்டாம்போக்கில் இறங்குகிறான். மூன்றாம் அடுக்கில் ஹெல்ஹவுண்ட். பிளாக் ஐஸ் வகையில் ஒரு நாய். கடித்தால் இரண்டு ஆறுமுகப் பகடை அளவு சேதம், நேராக மூளைக்கு. கூடவே நெட்ரன்னரின் கணினிப் பெட்டியும் உடுப்பும் தீப்பற்றும், நிஜ உலகத்தில். அந்த விதியை எழுதியவருக்கு நான் ஒரு கும்பிடு போட்டிருக்கிறேன். வலைக்குள் நடந்தது அறைக்குள் புகையாக வருகிறதல்லவா!

நாயின் பகடையை நான் உருட்டவில்லை. வாசலில் அடுத்த முறைக்காகக் காத்திருந்த ஃபிக்ஸரிடம் கொடுத்தேன். "நாய் நீதான்." அவள் நாலு பேரில் சாதுவானவள். உள்ளங்கையில் பகடையைக் குலுக்கியபோது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கடித்துவிட்டாள். சட்டையில் தீ. விதிப்படி நெட்ரன்னர் தன்னுடைய நிஜ உலகச் செயலைச் செலவழித்துத்தான் அணைக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர் அணைக்கலாம் என்று நான் எங்கள் மேஜைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். டெக் குளிர்பதனக் குழாயின் மூட்டைக் கழற்றி அவன் மேல் பீய்ச்சினான். தீ அணைந்தது. குழாய் கழன்றதில் மேலே விசில் மாதிரி ஒரு சத்தம். படியைப் பார்த்து நின்றவன் இறங்கி வருகிறான்.

மூன்றாம் சுற்று. சோலோ கத்துகிறான்: "விளக்கை அணைடா!" நெட்ரன்னருக்கு இரண்டு வழி. வெளியே வந்துவிடலாம், ஆனால் நாய் கடைசியாக ஒரு கடி வைக்கும். இல்லையென்றால் நாயை இழுத்துக்கொண்டே நாலாம் அடுக்குக்கு இறங்கி, அங்கே இருக்கிற விளக்கு, கதவு முனையைப் பிடிக்கலாம். இறங்கினான். பகடை 9. கிடங்கு இருட்டாயிற்று. சோலோவுக்கு இருட்டில் பார்க்கிற கண். மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

கதையில் பத்து நொடிகூட ஆகவில்லை. மேஜையில் இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அந்த இருபது நிமிஷத்தில் யாரும் செல்போனைத் தொடவில்லை.

இதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. ஹேக்கர் எதைச் சாதித்தாலும் அதன் பலனை இன்னொருவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கதவு திறந்தால் கதவு முன் நிற்பவரைப் பார்த்து "திறந்துவிட்டது" என்று சொல்லுங்கள். தோற்றாலும் அப்படியே. பகடை சறுக்கினால் "உள்ளே முடியவில்லை" என்று முடிக்காமல், மாடிப்படியில் இருப்பவருக்கு ஒரு காலடிச் சத்தத்தை அனுப்புங்கள். எதிர்த்திசையிலும் போக வேண்டும்: வெளியே நடக்கிறது ஹேக்கருக்கு வேலை வைக்க வேண்டும். ஃபிக்ஸர் பேர் கேட்டது அப்படித்தான்.

சிலர் இதையெல்லாம் விட்டுவிட்டு நிஜ ஹேக்கிங் எப்படி நடக்கிறது என்று புத்தகம் புரட்டிப் படித்து, அந்தக் கலைச்சொற்களை மேஜையில் கொட்டுவார்கள். வேண்டாம். மேஜையில் ஒருவர் மென்பொருள் வேலை பார்ப்பவராக இருந்தால் அவரும் ஜி.எம்.மும் வாதத்தில் இறங்கிவிடுவார்கள், மறுபடி ஆடை படியும். கெவின் கிராஃபோர்டின் 'சிட்டீஸ் விதவுட் நம்பர்' என்ற 2023ஆம் ஆண்டு ஆட்டத்தில் ஹேக்கரின் நிரல்கள் ஒரு வினை, ஒரு பொருள் என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும்: கேமராவை ஏமாற்று, கதவைத் திற, இந்த மாதிரி. எந்த ஆட்டம் ஆடினாலும் அந்த வழக்கத்தை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம். ஹேக்கர் பேசுவது கதவும் விளக்குமாக இருந்தால் மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு யோசனை வரும்.

ஒரு கிளைக்கதை. ஆட்டப் புத்தகத்தை நிஜமென்று நம்பியவர்களும் உண்டு. 1990 மார்ச் 1ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் அலுவலகத்தில் சீக்ரெட் சர்வீஸ் அதிகாரிகள் சோதனை போட்டு, கணினிகளோடு 'கர்ப்ஸ் சைபர்பங்க்' என்ற ஆட்டப் புத்தகத்தின் வரைவையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அதை எழுதிய லாய்ட் பிளாங்கன்ஷிப்புக்கு ஹேக்கர் வட்டாரத்தில் பெயர் உண்டு, அதனால் சந்தேகம். புத்தகம் கணினிக் குற்றத்துக்குக் கையேடு என்று ஒரு அதிகாரி நினைத்தாராம். கம்பெனி வழக்குப் போட்டு 1993இல் ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் நஷ்டஈடு வாங்கியது. பகடை உருட்டிக் கம்பெனியைக் கொள்ளையடிக்கலாம் என்று நம்பிய அந்த அதிகாரியை ஒரு நாள் எங்கள் மேஜைக்குக் கூப்பிட ஆசை.

நிஜ ஹேக்கிங்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று இருக்கிறது. அதில் பாதி வேலை மனிதர்களிடம் நடக்கிறது. கெவின் மிட்னிக் பேர் வாங்கியது விசைப்பலகையைவிட டெலிபோனில். உள்ளே வேலை பார்ப்பவர் மாதிரி பேசியே கடவுச்சொல்லைக் கறந்துவிடுவார். இது ஃபிக்ஸருக்குக் கட்டிவைத்த இலைச்சாப்பாடு. ஆகவே நுழைவதற்கு முந்தின இரவிலேயே எல்லாருக்கும் வேலை கொடுங்கள். ஒருத்தி ஊழியரைச் சாராயக் கடையில் பேச வைக்கட்டும், ஒருவன் குப்பைத் தொட்டியில் அடையாள அட்டை பொறுக்கட்டும். எவர் எது கொண்டுவந்தாலும் அது நாளை நெட்ரன்னரின் பகடைக்கு இரண்டு கூடுதல் புள்ளி. அவன் உருட்டும்போது "அது நான் வாங்கிட்டு வந்த பாஸ்வேர்டு" என்று இன்னொருத்தி எழுந்து நின்று பார்ப்பாள்.

ஹேமிஷ் கேமரனின் 'தி ஸ்ப்ரால்' 2016இல் வந்தது. அதில் கடிகாரம் வரைகிற பழக்கம் உண்டு. அபோகலிப்ஸ் வேர்ல்டு என்ற 2010ஆம் ஆண்டு ஆட்டத்தின் வழி வந்தது. தாளில் ஒரு வட்டம், அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வது, தப்பு நடக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டைப் பேனாவால் அடைப்பது. வட்டம் நிறைந்தால் கம்பெனி முழித்துக்கொள்ளும். சைபர்பங்க் ரெட்டில் இது இல்லை, நான் சேர்த்துக்கொண்டேன். மேஜை நடுவில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அந்தத் தாள் கிடக்கும். நெட்ரன்னர் சறுக்கினாலும் அடையும், சோலோ சத்தம் போட்டாலும் அடையும். ஒரே வட்டம் என்பதால் அடுத்தவருடைய பகடையையும் எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். பேனாவை என் கையில் வைத்துக்கொள்வதைவிட ஆட்டக்காரர் ஒருவரிடம் கொடுத்தால் இன்னும் நல்லது. தன் தோழனின் தப்புக்குத் தானே துண்டை அடைக்கிறவர் தூங்க மாட்டார்.

வர்ணனையையும் பங்கு போடலாம். வலைக்குள் அந்தக் கிடங்கு எப்படித் தெரிகிறது என்று சும்மா இருக்கிறவரைக் கேளுங்கள். எங்கள் டெக் ஒரு தடவை, "ஐஸ்கட்டிக்குள்ள உறைஞ்ச மீன், ஒவ்வொரு மீனும் ஒரு ஃபைல்" என்றான். நானாக இருந்தால் பச்சை எழுத்து மழையாகப் பெய்கிறது என்று வழக்கமானதைச் சொல்லியிருப்பேன்.

சைபர்பங்க் ரெட்டிலும் எனக்கு ஒரு குறை உண்டு. வலைக்கு எத்தனை அடுக்கு என்பதை மூன்று ஆறுமுகப் பகடையை உருட்டிக் கூட்டி முடிவு செய்யச் சொல்கிறது புத்தகம். சராசரியாகப் பத்து, பதினொன்று வரும். அவ்வளவு ஆழம் தேவையே இல்லை. பதினொரு அடுக்கில் நெட்ரன்னர் இறங்கிக்கொண்டே இருப்பான், மேலே சண்டை மூன்று சுற்றில் முடிந்துவிடும். அப்புறம் மற்றவர்கள் பிணங்களுக்கு நடுவே நின்று, "என்னடா, இன்னுமா?" என்று கேட்பார்கள். ஆறு மீட்டர் விதியால் வந்த லாபமெல்லாம் அங்கே கரைந்துவிடும்.

அடுத்த வாரம் நீங்கள் நடத்தப் போகிறீர்கள் என்றால் ஐந்து அடுக்குக்கு மேல் வரையாதீர்கள், அதில் ஒன்றாவது விளக்கு, கதவு, கேமரா என்று வெளியில் நிற்கிறவருக்குப் பயன்படுகிறதாக இருக்கட்டும். ஏற்கெனவே பதினொன்று வரைந்துவிட்டீர்களா? கீழே இருக்கிற ஆறையும் கிழித்துவிடுங்கள். யாருக்கும் தெரியப் போவதில்லை.